வேகத்திற்கு ஓர் இடம்



ஓய்வு பெற்ற ஆசிரியனுக்கு மாலைப்பொழுது சற்று நீண்டதாகவே இருக்கிறது. அந்தப் பொழுதில் வெண்ணாற்றங்கரையோரம் சிறிது தூரம் நடந்துவிட்டு வருவது என் வழக்கம். சில மாதங்களுக்கு முன் ஒரு நாள் அவ்வாறு நடந்துகொண்டிருந்தபோது பின்புறத்திலிருந்து பேரொலி ஒன்று எழுந்தது. நான் திரும்பிப் பார்ப்பதற்குள் மூன்று மோட்டார் சைக்கிள்கள் புழுதியை வாரி இறைத்துக்கொண்டு என்னைக் கடந்து சென்றன. நூறு கஜ தூரம் சென்றதும் அவற்றுள் ஒன்று நின்றது. அதிலிருந்து இறங்கிய இளைஞன் தலைக்கவசத்தைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு என்னை நோக்கி ஓடி வந்தான். "ஐயா, நீங்கள் என்று தெரியாமல் போய்விட்டது. மன்னித்துக்கொள்ளுங்கள்" என்றான். என்னிடம் பத்தாம் வகுப்பில் பயின்ற மாணவன் அவன்.

ஆசிரியராக இருந்தவனுக்கு அறிவுரை கூற ஒரு வாய்ப்புக் கிடைத்தால் விடுவானா? ஆற்றங்கரை என்பது நீரைக் காக்க ஏற்பட்டது, வாகனம் ஓட்டிப் பழக ஏற்பட்டதன்று என்று நானும் சற்று விரிவாகவே சொன்னேன். அவன் தலைகுனிந்து கேட்டுக்கொண்டான். பிறகு நிதானமாக ஒரு கேள்வி கேட்டான். "வயலில் இறங்கினால் வயல்காரர் விரட்டுகிறார். கரையில் ஓட்டினால் லஸ்கர் விரட்டுகிறார். பெரிய சாலையில் ஓட்டினால் போலீஸ்காரர் பிடிக்கிறார். நாங்கள் எங்கேதான் ஓட்டுவது, ஐயா?"

முப்பத்தைந்து ஆண்டுக் காலம் பிள்ளைகளிடம் கேள்வி கேட்டு விடை எதிர்பார்த்தவன் நான். அன்று ஒரு பிள்ளை கேட்ட கேள்விக்கு என்னிடம் விடை இல்லை. வீட்டுக்கு வந்தும் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. அதற்கு விடை தேடிப் படித்தவற்றையும் எண்ணியவற்றையும் இன்று உங்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

முதலில் நம் தஞ்சைத் தரணியின் இயல்பை நாம் மறந்துவிடலாகாது. இது ஓர் அங்குல நிலமும் சும்மா கிடக்காத நாடு. மேட்டூர் அணையில் ஜூன் 12-ஆம் நாள் தண்ணீர் திறப்பது மரபு. அந்தத் தண்ணீர் கல்லணையை அடைந்து காவிரியாகவும், வெண்ணாறாகவும், கல்லணைக் கால்வாயாகவும் பிரிந்து பாயத் தொடங்கிவிட்டால், குறுவை, சம்பா, தாளடி என்று ஒன்றன்பின் ஒன்றாகப் பயிர் ஏறும். தை மாசி மாதங்களில் சம்பா அறுவடை முடிந்தபின் பார்ப்பவர் கண்ணுக்கு வயல்வெளி வெறுமையாகத் தோன்றும். பட்டணத்திலிருந்து வருகிறவர்கள், 'இவ்வளவு நிலம் சும்மா கிடக்கிறதே!' என்று வியப்பதுண்டு. அது சும்மா கிடப்பதன்று. அறுவடைக்கு ஒரு வாரம் பத்து நாள் முன்னதாகவே, நிற்கிற நெற்பயிருக்கிடையில் ஈரம் காயாத சேற்றில் உளுந்தையும் பயறையும் விதைத்துவிடுவது நம் உழவர் வழக்கம். அறுத்த தாள்களுக்கு நடுவே, மண்ணில் எஞ்சிய ஈரத்தையும் இரவுப் பனியையும் கொண்டே அந்தச் செடிகள் வளர்ந்துவிடும். உழவு கிடையாது, பாய்ச்சல் கிடையாது. ஏழை உழவனுக்குக் கோடையில் கைச்செலவுக்குக் கிடைக்கும் காசு அதுதான். இரண்டு அங்குல உயரத்தில் இருக்கும் அந்த இளஞ்செடியின்மீது ஒரு சக்கரம் ஏறிச் சென்றால் அதை ஓட்டியவனுக்குத் தெரியாது. மறுநாள் காலையில் வயலுக்கு வருகிறவனுக்குத் தெரியும்.

ஆற்றங்கரையின் கதையும் அதுவே. கரை என்பது நம் கண்ணுக்கு ஒரு மண்பாதையாகத் தோன்றலாம். ஆற்றின் நீர்மட்டம் சுற்றிலுமுள்ள வயல்களைவிட உயர்ந்து ஓடும் இடங்கள் டெல்டாவில் பல உண்டு. அங்கெல்லாம் ஊரையும் பயிரையும் காத்து நிற்பது அந்த மண்சுவர் ஒன்றுதான். சக்கரம் பதிந்த தடத்தில் மழைநீர் தேங்கும். தேங்கிய நீர் சிறு ஓடையாகி மண்ணை அரிக்கும். ஏற்கெனவே நண்டு வளையும் எலி வளையும் இருக்கிற கரையில் அந்த அரிப்பு எங்கே போய் முடியும் என்று சொல்ல முடியாது. 1924-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் காவிரியிலும் கொள்ளிடத்திலும் வந்த பெருவெள்ளத்தைப் பற்றி எங்கள் வீட்டுப் பெரியவர்கள் பேசும்போது குரல் தாழ்ந்துவிடும். கரை உடைந்தால் என்ன ஆகும் என்பதை இந்நாட்டு மக்கள் புத்தகத்தில் படித்து அறியவில்லை.

ஆகவே வயல்காரர் விரட்டுவதும் நியாயம்; லஸ்கர் விரட்டுவதும் நியாயம். சாலையைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை. 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தின் 189-ஆம் பிரிவு, மாநில அரசின் எழுத்துமூலமான சம்மதம் இன்றிப் பொது இடத்தில் மோட்டார் வாகனப் பந்தயம் நடத்துவதையும் அதில் கலந்துகொள்வதையும் குற்றம் என்று கூறுகிறது. 2019-ஆம் ஆண்டில் செய்யப்பட்ட திருத்தம் அதற்கான தண்டனையை மூன்று மாதச் சிறைவரையிலும், 5,000 ரூபாய் அபராதம்வரையிலும் உயர்த்தியது. உரிய வயது நிரம்பாத பிள்ளை வண்டி ஓட்டிக் குற்றம் செய்தால் அவனுடைய பெற்றோர் அல்லது வண்டியின் உரிமையாளர் மூன்றாண்டுச் சிறைக்கும் 25,000 ரூபாய் அபராதத்திற்கும் ஆளாக நேரிடும் என்ற பிரிவும் அப்போதுதான் சேர்க்கப்பட்டது. சட்டம் கடுமையாக இருப்பதற்குக் காரணம் இருக்கிறது. சாலையோரத்தில் பள்ளிச் சிறுவர் நடக்கிறார்கள், நெல் காய்கிறது, வயது முதிர்ந்தோர் மாட்டைப் பிடித்துக்கொண்டு குறுக்கே போகிறார்கள்.

மூன்று கதவும் அடைபட்டுவிட்டன. நியாயமாகவே அடைபட்டுவிட்டன. ஆனால் கதவை அடைத்ததனால் உள்ளே இருக்கிற ஆசை அடங்கிவிடுகிறதா என்று கேட்டால், இல்லை என்பதுதான் ஆசிரியனாக இருந்த என் அனுபவம். பதினெட்டு, இருபது வயதில் உடல் தன் வலிமையைச் சோதித்துப் பார்க்க விரும்புகிறது. என் தலைமுறையில் மரமேறினோம். வெள்ளம் கரைபுரண்டு வருகையில் மதகின்மேலிருந்து ஆற்றில் குதித்தோம். இன்றைய இளைஞன் கையில் ஒரு விசை வண்டி இருக்கிறது. 1955-ஆம் ஆண்டில் சென்னையில் என்ஃபீல்டு நிறுவனம் தொடங்கப்பட்டது. பின்னர் ஓசூரிலும் பெருந்தொழிற்சாலை ஏற்பட்டது. மோட்டார் சைக்கிள் செய்வதில் பெயர்பெற்ற மாநிலம் நம்முடையது. வண்டியைச் செய்து விற்கிறோம். அதைச் செம்மையாக ஓட்டிப் பழக இடம் எங்கே என்று மட்டும் எவரும் கேட்பதில்லை. இடமில்லாதவன் இரவு பதினொரு மணிக்கு மேல் புறவழிச்சாலைக்குப் போகிறான். அங்கிருந்து சில பிள்ளைகள் திரும்பி வருவதில்லை. நான் கையொப்பமிட்டுச் சான்றிதழ் கொடுத்த பிள்ளைகளின் வீடுகளுக்கு அத்தகைய துக்கம் விசாரிக்கவும் நான் போயிருக்கிறேன். ஆகையால் இது விளையாட்டுப் பேச்சன்று.

இதே கேள்வி நம் மாநிலத்தில் முன்னரே ஒருமுறை எழுந்திருக்கிறது. அதற்கு ஒரு சங்கம் கண்ட விடையை இங்கே சொல்லவேண்டும். 1953-ஆம் ஆண்டில் சென்னையில் மோட்டார் விளையாட்டுச் சங்கம் ஒன்று நிறுவப்பட்டது. 'மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்' என்பது அதன் பெயர். அவர்களுக்கும் ஓட்ட இடம் இல்லை. சென்னைக்கு வடக்கே சோழவரத்தில், இரண்டாம் உலகப் போரின்போது அமைக்கப்பட்ட விமான ஓடுதளம் ஒன்று போர் முடிந்தபின் பயனின்றிக் கிடந்தது. அங்கே பந்தயம் நடத்தினார்கள். ஆண்டுதோறும் சோழவரப் பந்தயம் என்றால் திரள்திரளாக மக்கள் சென்று பார்த்தார்கள். இந்தியாவின் பல பாகங்களிலிருந்தும் வீரர்கள் வந்து கலந்துகொண்டார்கள். மோட்டார்க் கார்களும் ஓடின. மோட்டார் சைக்கிள்களும் ஓடின.

எத்தனை ஆண்டுகள் ஓடினாலும் அந்த நிலம் சங்கத்தினுடையது ஆகிவிடவில்லை. ஓடுதளம் விமானத்திற்காகப் போடப்பட்டது. வளைவுகளும் பாதுகாப்புத் தடுப்புகளும் கொண்ட பந்தயப் பாதையாக அது அமைந்ததன்று. பிறர் நிலத்தில் நிலையான கட்டடம் எழுப்ப முடியுமா? திருத்தம் செய்ய முடியுமா? இரவல் நிலத்தில் எவ்வளவு காலம்தான் காலூன்ற முடியும்? இதைச் சங்கத்தார் உணர்ந்தார்கள். சென்னையிலிருந்து பெங்களூர் செல்லும் சாலையில், ஸ்ரீபெரும்புதூருக்கு அருகே இருங்காட்டுக்கோட்டையில் சொந்தமாக நிலம் வாங்கினார்கள். அங்கே ஏறத்தாழ 3.7 கிலோமீட்டர் நீளமுள்ள நிலையான பந்தயப் பாதையை அமைத்தார்கள். 1990-ஆம் ஆண்டில் அது பயனுக்கு வந்தது. விளையாட்டுச் சங்கம் ஒன்று, அரசிடம் மனுக் கொடுப்பதோடு நின்றுவிடாமல், தானே முயன்று தனக்கென ஓர் இடத்தை உண்டாக்கிக்கொண்டது. பின்னர்க் கோயம்புத்தூரை அடுத்த செட்டிபாளையத்திலும், 1995-ஆம் ஆண்டில் விமான விபத்தில் மறைந்த பந்தய வீரர் கரிவர்தனின் பெயரால் ஒரு பந்தயப் பாதை ஏற்பட்டது.

சோழவரத்தைப் போன்றதோர் ஓடுதளம் நம் தஞ்சாவூரிலும் இருந்தது என்பதை நேயர்களில் பலர் அறிவீர்கள். அதுவும் அதே போர்க்காலத்தில் அமைக்கப்பட்டதே. 2013-ஆம் ஆண்டு மே 27-ஆம் நாள் அங்கே விமானப்படைத் தளம் முறையாகத் தொடங்கப்பட்டது. 2020-ஆம் ஆண்டு ஜனவரி 20 முதல் சுகோய்ப் போர் விமானங்களின் அணி ஒன்று அங்கே நிலைகொண்டது. இது நாட்டுக்கு இன்றியமையாத பணி. இதில் குறை கூற யாருக்கும் இடமில்லை. ஆனால் ஒரு பாடம் இருக்கிறது. சும்மா கிடப்பதாகத் தோன்றும் நிலத்துக்கும் ஓர் உடையவர் உண்டு. உடையவருக்குத் தேவை வரும்போது, அதுவரை அனுபவித்தவர்கள் எழுந்து செல்லவேண்டியதுதான்.

இனிச் சற்றுக் கடல் கடந்து செல்வோம். நாட்டுப்புறப் பாதைகளில் மோட்டார் சைக்கிள் ஓட்டுவது இங்கிலாந்தில் நெடுநாளைய பொழுதுபோக்கு. பழைய காலத்தில் குதிரை வண்டிகள் சென்ற, தார் போடாத மண்பாதைகள் அங்கே ஏராளம். அவற்றில் ஓட்டுகிற உரிமையைக் காப்பதற்கென்றே 1970-ஆம் ஆண்டில் பாதையோட்டிகள் சங்கம் ஒன்று தோன்றியது. அந்நாட்டில் 1949-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி எந்தப் பாதையில் நடக்கலாம், எதில் குதிரையில் செல்லலாம், எதில் வண்டி செல்லலாம் என்பதைக் காட்டும் அதிகாரபூர்வமான வரைபடங்களை ஒவ்வொரு வட்டாரத்திலும் தயாரித்து வைத்திருக்கிறார்கள். பாதைகள் சேதமடைகின்றன, அமைதி கெடுகிறது என்று நடைப்பயணிகளும் குடியானவர்களும் முறையிட்டதன் விளைவாக, 2006-ஆம் ஆண்டில் ஒரு சட்டம் வந்தது. சில விலக்குகள் தவிர, வாகனப் பாதை என்று வரைபடத்தில் பதிவாகாத பாதைகளில் மோட்டார் வண்டிகளுக்கு இருந்த உரிமை அதனால் அற்றுப்போயிற்று. தாத்தா காலத்திலிருந்து ஓட்டி வந்தோம் என்று சொன்னவர்களுக்கு, 'வரைபடத்தில் இருக்கிறதா?' என்பதே பதிலாகக் கிடைத்தது.

இதன் தொடர்ச்சியாக ஒரு வழக்கு நடந்தது. டார்செட் என்ற மாவட்டத்தில் சில பாதைகளை வாகனப் பாதைகளாகப் பதிவு செய்யக் கோரி, சட்டம் வருவதற்கு முன்பே விண்ணப்பங்கள் கொடுக்கப்பட்டிருந்தன. விண்ணப்பத்தோடு இணைத்த வரைபடம், விதியில் கண்ட 25,000-க்கு ஒன்று என்ற அளவையில் முறைப்படி வரையப்படவில்லை. வேறோர் அளவைப் படத்தைப் பெரிதாக்கி எடுத்த படி அது என்று கூறி மாவட்ட மன்றம் அவற்றைத் தள்ளிவிட்டது. பாதையோட்டிகள் சங்கம் விடவில்லை. வழக்கு அந்நாட்டு உச்ச நீதிமன்றம்வரை சென்றது. 2015-ஆம் ஆண்டில் நீதிபதிகளின் பெரும்பான்மைத் தீர்ப்புச் சங்கத்துக்குச் சாதகமாக அமைந்தது. ஒரு வரைபடத்தின் அளவைக்காக இவ்வளவு பெரிய வழக்கா என்று நமக்குச் சிரிப்பு வரலாம். சிரிக்க வேண்டாம். தலைமுறை தலைமுறையாக அனுபவித்த உரிமை ஒரு தாளின் நுனியில் தொங்கிக்கொண்டிருந்தது என்பதுதான் அங்கே நாம் காணவேண்டிய செய்தி.

அந்தச் செய்தி நமக்குப் புதிதன்று. தாளுக்கும் அனுபவத்துக்கும் உள்ள வேற்றுமையைத் தஞ்சை மாவட்டத்தைப்போல் உணர்ந்த இடம் வேறு இருக்குமா என்பது ஐயமே. பரம்பரை பரம்பரையாக உழுதவனுக்கு உழுத நிலத்தில் பற்றுக்கோடு இல்லை. குடியிருந்தவனுக்குக் குடிசை போட்ட இடம் சொந்தமில்லை என்பதுதான் இங்கே நெடுங்கால நிலைமை. 1952-ஆம் ஆண்டில் தஞ்சாவூர்ப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1969-ஆம் ஆண்டில் குத்தகைதாரரின் உரிமையைப் பதிவேட்டில் ஏற்றுவதற்கென ஒரு சட்டம் வந்தது. 1971-ஆம் ஆண்டில், குடியிருப்பு மனையை அங்கே வாழ்ந்த உழவர்க்கும் தொழிலாளர்க்கும் உரிமையாக்கும் சட்டம் வந்தது. இவற்றுக்குப் பின்னால் எத்தனை பேருடைய பாடும் கண்ணீரும் இருந்தன என்பதை நாடறியும். பிழைப்புக்கு வேண்டிய நிலத்தையும் விளையாட்டுக்கு வேண்டிய நிலத்தையும் ஒரே தட்டில் வைத்து நிறுக்க நான் வரவில்லை. அவ்வாறு நிறுத்தால் அது பெருந்தவறு. அனுபவம் எவ்வளவு நீண்டதாயினும் பதிவில்லையேல் நிலைக்காது என்பதை நம் மண்ணே நமக்குக் கற்பித்திருக்கிறது என்பதை மட்டும் நினைவூட்டுகிறேன்.

என் சொந்த அனுபவம் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். நான் தலைமையாசிரியராகப் பணியாற்றிய ஓர் ஊரில், பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் ஒரு மைதானம் இருந்தது. பிள்ளைகள் அங்கேதான் சடுகுடு ஆடினார்கள், பந்தாடினார்கள், சுதந்திர தினத்தில் அணிவகுத்தார்கள். எனக்கு முன்னிருந்த தலைமையாசிரியர்களும் அதைப் பள்ளி மைதானம் என்றே எழுதிவந்தார்கள். ஒரு நாள் சர்வேயர் வந்து சங்கிலி பிடித்து அளந்தார். கிராமத்தின் 'அ' பதிவேட்டில் பார்த்தால் அந்த இடத்தின் பாதிக்குமேல் பள்ளியின் பெயரில் இல்லை. ஆறே மாதத்தில் அங்கே சுவர் எழும்பிவிட்டது. யார்மீதும் நான் குறை சொல்ல முடியவில்லை. பல ஆண்டுகள் அந்த மைதானத்தில் நின்று ஊதல் ஊதினேனேயன்றி, ஒரு நாள்கூட வட்ட அலுவலகத்துக்குப் போய்ப் பதிவேட்டைப் பார்க்கவில்லை. அந்தக் குற்றம் என்னுடையதே. பிள்ளைகள் அடுத்த ஆண்டிலிருந்து தெருவில் விளையாடினார்கள்.

நேயர்கள் தங்கள் தங்கள் ஊரை ஒருமுறை எண்ணிப் பார்க்கவேண்டும். மந்தைவெளி, களத்துமேடு, வண்டிப்பாதை, மேய்ச்சல் நிலம் என்று ஊருக்குப் பொதுவாக எவ்வளவு இடம் இருந்தது? இப்போது எவ்வளவு இருக்கிறது? 2011-ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில் நம் உச்ச நீதிமன்றம் பஞ்சாப் மாநிலத்துக் குளம் ஒன்றைப் பற்றிய வழக்கில் தீர்ப்புக் கூறியபோது, கிராமப் பொது நிலங்களிலுள்ள ஆக்கிரமிப்புகளை அகற்றத் திட்டம் வகுக்குமாறு எல்லா மாநில அரசுகளுக்கும் ஆணையிட்டது. தீர்ப்பு இருக்கிறது, ஆனால் எந்த நிலம் பொது நிலம் என்று கேட்டு எழுந்து நிற்க ஊரில் ஒருவராவது வேண்டுமே!

பொதுமக்கள் ஒன்றுபட்டு நின்று ஒரு விளையாட்டைக் காத்ததற்கும் நம்மிடையே சான்று உண்டு. காணும் பொங்கலன்று திருக்கடையூர்ப் பக்கம் நடக்கும் ரேக்ளா வண்டிப் பந்தயத்தை அறியாதார் யார்? 2014-ஆம் ஆண்டு மே 7-ஆம் நாள் உச்ச நீதிமன்றம் ஜல்லிக்கட்டையும் மாட்டுவண்டிப் பந்தயத்தையும் தடை செய்தது. 2017-ஆம் ஆண்டு ஜனவரியில் இளைஞர்கள் பெருந்திரளாகக் கூடி அமைதியாகக் கேட்டார்கள்; சட்டம் திருத்தப்பட்டது. 2023-ஆம் ஆண்டு மே 18-ஆம் நாள் ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு அத்திருத்தம் செல்லும் என்று கூறியது. விளையாட்டு திரும்பக் கிடைத்தது. ஆனால் பழையபடியே கிடைக்கவில்லை. முன் அனுமதி, மருத்துவச் சோதனை, தடுப்பு வேலி, அதிகாரிகளின் மேற்பார்வை என்ற கட்டுப்பாடுகளோடு கிடைத்தது. உரிமையும் ஒழுங்கும் இரட்டை மாடுகள்போல ஒரே நுகத்தில் பூட்டப்பட்டன. ஒன்றை அவிழ்த்துவிட்டு மற்றொன்றை மட்டும் ஓட்ட முடியாது.

மோட்டார்ப் பந்தயத்திலும் அதுவே நடந்தது. 2024-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 31, செப்டம்பர் 1 ஆகிய நாட்களில் சென்னைத் தீவுத்திடலைச் சுற்றியுள்ள சாலைகளிலேயே கார்ப் பந்தயம் நடைபெற்றது. அதற்கு முன்னர் உயர் நீதிமன்றத்தில் வழக்கு நடந்தது, நிபந்தனைகள் விதிக்கப்பட்டன, அதன் பிறகே பந்தயம் நடந்தது. தலைநகரில் பெரும்பொருள் செலவிட்டு நடத்துகிறவர்களுக்கே அனுமதியும் நிபந்தனையும் தேவையென்றால், வெண்ணாற்றங்கரையில் மூன்று வண்டி வைத்திருக்கும் பிள்ளைகளுக்கு அவை தேவையில்லாமற் போகுமா?

ஆகவே அந்த மாணவனுக்கு நான் சொல்ல விரும்பும் விடை இதுதான். முதற்கண், தனித்தனியே ஓடாதீர்கள், சங்கமாகக் கூடுங்கள். சங்கத்துக்கு ஒரு பெயர், ஒரு பதிவு, ஒரு கணக்குப் புத்தகம், கூட்ட நடவடிக்கைகளை எழுத ஒரு குறிப்பேடு இருக்கட்டும். தனி இளைஞனைக் கண்டால் விரட்டத் தோன்றும். பதிவு பெற்ற சங்கத்தின் செயலாளர் விண்ணப்பத்தோடு வந்தால் உட்காரச் சொல்லத் தோன்றும். இது உலக இயல்பு.

இரண்டாவதாக, எதைக் கேட்கக்கூடாது என்பதை முதலில் நீங்களே எழுதி வையுங்கள். நஞ்சை நிலம் வேண்டாம்; ஆற்றங்கரை வேண்டாம்; வாய்க்கால் வரப்பு வேண்டாம்; பொதுச்சாலை வேண்டாம். 2020-ஆம் ஆண்டில் தமிழக அரசு, தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் மாவட்டங்களையும், கடலூர், புதுக்கோட்டை மாவட்டங்களின் சில வட்டாரங்களையும் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக அறிவித்துச் சட்டம் இயற்றியது. எண்ணெய்க் கிணறு முதலிய சில தொழில்களைப் புதிதாகத் தொடங்க அச்சட்டம் தடை செய்கிறது. மோட்டார் சைக்கிளைப் பற்றி அது எதுவும் கூறவில்லைதான். ஆயினும் இந்த மண் நெல்லுக்குரியது என்ற ஊரறிந்த உண்மையை அது எழுத்தில் வைத்திருக்கிறது. அந்த உண்மையை நீங்களே முன்வந்து ஒப்புக்கொண்டால், விவசாயி உங்களைப் பகைவனாகக் கருதமாட்டான்.

மூன்றாவதாக, எங்கே கேட்கலாம்? தஞ்சைக்கு மேற்கே வல்லம், செங்கிப்பட்டிப் பக்கம் மண் சிவக்கத் தொடங்குகிறது. அது ஆற்றுப் பாசனத்துக்கு எட்டாத மேட்டு நிலம். மேடும் பள்ளமும் சரளையும் கொண்ட அத்தகைய புன்செய்த் தரிசுதான், மண்பாதையில் வண்டியை நிதானமாக அடக்கி ஓட்டிப் பழகுவதற்கு ஏற்றது. பட்டாதாரர் ஒருவரிடம் ஆண்டில் சில மாதங்களுக்கு எழுத்துமூலம் குத்தகை பேசலாம். வாடகையைக் காலந்தவறாமல் கொடுக்கவேண்டும். ஆனால் புலப்படத்தையும், பட்டாவையும், 'அ' பதிவேட்டையும் பார்க்காமல் ஓர் அடிகூட எடுத்துவைக்கக் கூடாது. அந்நிலத்தின் வழியே ஆட்டு மந்தை போகிற பாதை இருந்தால் அதை விட்டுவிடவேண்டும்.

நான்காவதாக, அண்டை அயலாரின் சம்மதம். சென்னைச் சங்கமும் ஆங்கிலநாட்டுப் பாதையோட்டிகளும் கற்ற பாடம் ஒன்று உண்டு. ஓட்டுகிறவர்களுடைய ஒழுக்கமே அவர்களுடைய நிலத்துக்கு வேலி. எந்த நாளில் ஓட்டுவது, எத்தனை மணிக்கு நிறுத்துவது, ஒலியைக் குறைக்கும் குழாயைக் கழற்றாமலிருப்பது, தலைக்கவசமின்றி எவரையும் ஏற விடாமலிருப்பது, முதலுதவி தெரிந்தவர் ஒருவர் எப்போதும் அங்கே இருப்பது ஆகியவற்றை விதியாக எழுதி, ஊராட்சி மன்றத்தாரிடம் ஒரு படி கொடுத்துவிடவேண்டும். தேர்வுக் காலத்திலும், ஊரில் சாவு நேர்ந்த நாளிலும் வண்டி எடுக்கமாட்டோம் என்று ஒரு வரி சேர்த்தால், அந்த ஊரே உங்களுக்காகப் பேசும். விதியை மீறுகிறவன் சங்கத்தின் தலைவருடைய மகனாயினும் விலக்கிவிடுங்கள். ஒருவன் செய்யும் குற்றத்துக்காக எல்லாரும் இடம் இழப்பதைப் பள்ளிக்கூடத்தில் நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

பெரியவர்களுக்கும் ஒரு சொல் உண்டு. 'இங்கே ஓட்டாதே' என்று சொல்லும் உரிமை நமக்கு இருக்கிறது. ஆனால் எல்லா இடத்திலும் அதையே சொல்லிவிட்டு, பிறகு பிள்ளை எங்கே போனான் என்று நள்ளிரவில் வாசலில் நின்று கவலைப்படுவதில் பொருளில்லை. பள்ளி மைதானம், மந்தைவெளி, ஊர்க்களம் எல்லாவற்றையும் நாம் கண்ணெதிரே இழந்துவிட்டு, இளைஞர்கள் தெருவில் நிற்கிறார்கள் என்று குறை சொல்கிறோம். இழந்தவர்கள் அவர்கள் அல்லர். அவர்கள் பிறப்பதற்கு முன்பே நம் கையிலிருந்து போனவை அவை.

சென்ற மாதம் அந்த மாணவன் என் வீட்டுக்கு வந்தான். இம்முறை வண்டியின் ஒலி தெருமுனையிலேயே நின்றுவிட்டது; அங்கிருந்து வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தான். தம்மைப் போன்ற பதினோரு பேரைச் சேர்த்துக்கொண்டு சங்கம் பதிவு செய்ய மனு எழுதியிருப்பதாகவும், அதில் பிழை திருத்தித் தரவேண்டும் என்றும் கேட்டான். சந்திப் பிழைகள் சில இருந்தன, திருத்திக் கொடுத்தேன். நிலத்தின் சர்வே எண்ணைக் குறிப்பிடும் இடம் காலியாக இருந்தது. "இதை நான் நிரப்ப முடியாதப்பா. வட்ட அலுவலகத்துக்கு நீதான் போகவேண்டும்" என்றேன். "நாளைக்குப் போகிறேன், ஐயா. நீங்களும் வருகிறீர்களா?" என்றான்.

மைதானத்தை இழந்த அந்த நாளில் நான் போகாத அலுவலகம் அது. அவனோடு போய்வந்தேன். மனு இன்னும் விசாரணையில் இருக்கிறது. அவர்களுக்கு நிலம் கிடைக்குமோ கிடைக்காதோ, நான் அறியேன். பதிவேட்டைப் புரட்டிப் படிக்கக் கற்ற பதினோரு பேர் நம் பக்கத்தில் உண்டாகியிருக்கிறார்கள் என்பதை மட்டும் மகிழ்ச்சியோடு தெரிவித்துக்கொண்டு விடைபெறுகிறேன்.